அம்மா பிசிர் எடுத்த விமானம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. வீட்டு ஓனர் சாரும் அவர் மனைவியும் நான்கு நாள் கோவில் பயணம் போனார்கள்.
2. போகும்போது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வீட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுத்தார்கள்.
3. அந்த வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் விமானப் பெட்டியை நான் எடுத்து வந்தேன். சார் கொடுத்தார் என்று அம்மாவிடம் சொன்னேன்.
4. அம்மா இரண்டு பகல் உட்கார்ந்து அதிலிருந்த எண்பத்தேழு பாகங்களையும் வெட்டி, பிசிர் எடுத்து, இனம் இனமாகப் பிரித்து வைத்தாள்.
5. பாகங்களை வெட்டியபின் மிச்சமான பிளாஸ்டிக் சட்டங்கள் கம்பெனி மூட்டையோடு போய் அரைபட்டன.
6. சார் திரும்பி வந்தார். யார் எடுத்தது என்று கேட்டார்.
7. நான் பதில் சொன்னேன்.

ஏழாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் ஆறும் தெரியாமல் ஏழாவது உங்களுக்குப் புரியாது.

பிளாஸ்டிக் விமானம் ஒட்டும் இந்தப் பைத்தியம் யாருக்கு எப்போது பிடித்தது என்று ஒவ்வொருவரும் எழுதவேண்டும் என்று நம் குழுவில் முடிவு செய்து எட்டு மாதமாகிறது. எல்லோரும் எழுதிவிட்டீர்கள். அப்பா வாங்கித் தந்த முதல் கிட், மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி, பசையில் ஒட்டிக்கொண்ட விரல். நான் மட்டும் வேலை அதிகம் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். போன கூட்டத்தில் நம்மில் ஒருவர் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கிய ஒரு கிட்டைக் கொண்டுவந்தார், நினைவிருக்கும். பெட்டி நாற்பது வருடப் பழசு. உள்ளே சட்டமே இல்லை, பாகங்கள் எல்லாம் வெட்டப்பட்டு ஒரு டிபன் பாக்ஸில் கிடந்தன. "எந்தக் கொலைகாரன் செஞ்ச வேலைங்க இது?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அம்மா தோசை வார்த்துத் தந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை.

நாங்கள் ஓசூருக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. அதற்கு முன் சாமல்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தார்கள். இங்கே அப்பாவுக்கு வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மூன்று ஷிப்ட். அம்மாவுக்கு வீட்டிலேயே வேலை. பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சாமான் வரும். ஸ்விட்ச் மூடி, வண்டி விளக்கின் பின்பக்கம், என்னவென்றே தெரியாத வளையங்கள். எல்லாம் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் அந்தச் சட்டத்தை ஸ்ப்ரூ என்கிறோம். கம்பெனிகளில் ரன்னர் என்பார்கள். ரன்னரிலிருந்து சாமானை வெட்டி எடுத்து, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரைப் பிளேடால் சீவி, எண்ணிப் பையில் போடவேண்டும். வெட்டிய ரன்னரைத் தனி மூட்டையில் கட்டித் திருப்பித் தரவேண்டும். அதை அரைத்து மறுபடி உருக்குவார்கள். ரன்னர் குறைந்தால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார்.

அம்மா வாசலுக்கு நேராக, வெளிச்சம் விழும் இடத்தில் உட்காருவாள். மடியில் ஒரு பலகை. வலது கட்டைவிரலில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பாள். முதல் வெட்டு, சாமானிலிருந்து கொஞ்சம் தள்ளி. இரண்டாவது வெட்டு, ஒட்டினாற்போல். பிறகு பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் தன் பக்கமாக ஒரே இழுப்பு. தொட்டுப் பார்த்தால் எங்கே வெட்டினாள் என்று தெரியாது. நம் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நாம் சொல்லித் தருவதும் இதே இரண்டு வெட்டுத்தான். நீங்கள் அதைப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள். நான் ஏழு வயதிலேயே தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று தெரியாமல்.

ஓனர் சார் முன்பக்கத்துப் பெரிய வீட்டில் இருந்தார். நாங்கள் பின்பக்கத்து இரண்டு அறைகளில். அவர் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் மனைவியை நான் ஆன்ட்டி என்பேன். கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. கீழ்த்தட்டுகளில் அவர் வாலிபத்தில் ஒட்டிய விமானங்கள், மேல்தட்டில் பிரிக்காத பெட்டிகள். நாற்பதுக்கு மேல் இருக்கும். நான் சாயங்காலங்களில் அங்கே போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எங்கள் வீட்டில் மூட்டை வைத்தது போக இடமில்லை. சார் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஆங்கிலப் பத்திரிகை படிப்பார், நான் எழுதுவேன். அவ்வளவுதான்.

மேல்தட்டில் ஒரு பெட்டி மட்டும் தனியாக, வேட்டித் துணியில் சுற்றி இருந்தது. கேன்பரா. இரண்டு எஞ்சின் வைத்த பழைய குண்டுவீச்சு விமானம். சார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டு வருடம் அந்த விமானத்தின் இறக்கையைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தாராம். அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் அந்தப் பெட்டியை வாங்கினாராம். ஆயுத பூஜை அன்று மட்டும் அதை இறக்குவார். எங்கள் வீட்டில் அம்மா கட்டரையும் பிளேடையும் கழுவிப் பொட்டு வைக்கும் அதே நேரத்தில், முன்வீட்டில் சார் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒட்டும் முறை போட்ட மஞ்சளேறிய காகிதத்தை விரித்து, ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துச் சரிபார்ப்பார். ஒன்று முதல் எண்பத்தேழு வரை. அந்த எண்ணை வைத்துத்தான் எந்தப் பாகம் எங்கே ஒட்டும் என்று தெரியும். பிறகு மூடி, அட்டையின் ஓரத்தில் சந்தனம் தொட்டு வைத்து, துணியில் சுற்றி மேலே வைத்துவிடுவார்.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம் ஆயுத பூஜையன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளி நிறப் பிளாஸ்டிக். இறக்கை முழுதும் கடுகு கடுகாக ரிவெட் புள்ளிகள். விரலால் தடவினால் நெருடும்.

"இத எப்ப சார் ஒட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒட்டினா முடிஞ்சு போச்சே" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை அழகாக இருக்கிற ஒன்றை ஏன் சட்டத்திலேயே தொங்கவிட வேண்டும்? வெட்டிவிட்டால் ஒட்டித்தானே ஆகவேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கே தோன்றியது.

பூஜை முடிந்து சில நாளில் இன்னொன்றும் நடந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்ததன் அளவு தெரியாது. சார் ஒருநாள் எங்கள் வாசல் வழியாகப் போகும்போது நின்று, அம்மா சீவி வைத்த ஒரு மூடியை எடுத்துக் கண்ணுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை நல்லா இருக்கும்மா உனக்கு. சிப்காட்ல நம்ம ஜூனியர் ஒருத்தன் மோல்டிங் யூனிட் வெச்சிருக்கான். இன்ஸ்பெக்ஷனுக்கு லேடீஸ் வேணும்னு சொன்னான். கோவிலுக்குப் போயிட்டு வந்து அவன்கிட்ட பேசறேன்."

"பர்மனென்டுங்களா சார்?" என்றாள் அம்மா.

"பர்மனென்ட்தான். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு."

அம்மா அன்று சாயங்காலம் அப்பாவிடம் மூன்று தடவை அதைச் சொன்னாள். அப்பா, "மொதல்ல கூப்புடட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார். அம்மா கேட்கவில்லை. ஷூ போட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டுமாமே, சேலையோடு ஷூ போட்டால் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டாள். அப்பாவின் ஷூவைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்து காட்டினாள்.

"தொம்மு தொம்முனு ஆனை மாதிரி நடக்கற" என்றார் அப்பா.

"நடந்தா நடக்கறன். நானும் கம்பெனி பஸ்ல ஏறுவன். உனக்கு முன்னாடி சீட்டு புடிச்சி உக்காருவன் பாரு."

அவள் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாரும் ஆன்ட்டியும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். "சாவி உன்கிட்டதாம்மா, வேற யாரையும் நம்பமாட்டேன்" என்று ஆன்ட்டி அம்மாவின் கையில் வைத்து மூடினார். திங்கட்கிழமை காலை அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது நானும் உள்ளே போனேன். அவள் பின்பக்கம் ரோஜாத் தொட்டிகளிடம் இருந்தாள். நான் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். சுற்றியிருந்த துணியை மடித்து அங்கேயே வைத்துவிட்டேன். பெட்டியை என் ஸ்கூல் பைக்குள் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"அம்மா, சார் இத உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு. வெட்டிப் பிசிர் எடுத்து வெக்கணுமாம். வந்து ஒட்டுவாராம்."

"என்கிட்டயா? என்னாத்துக்கு?"

"உன் கை நல்லா இருக்குதில்ல, அதுக்குத்தான்."

இந்தக் கடைசி வரி நான் யோசித்து வைத்திருந்தது. அவளுக்கு அது போதும் என்று எனக்குத் தெரியும். அம்மா பெட்டியை மடியில் வைத்துத் திறந்தாள். உள்ளே பார்த்தவள் சட்டென்று எழுந்துபோய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். கம்பெனி மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டாள். பிளேடைப் புதிதாக மாற்றினாள். இதுதான் பரீட்சை என்று அவள் நினைத்திருக்கவேண்டும். சார் வேலைக்குச் சொல்லுமுன் கையைப் பார்க்கிறார் என்று. அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அன்றும் மறுநாளும் அவள் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு இன்னும் தெரிகிறது.

நான் ஸ்கூல் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சக்கரங்களை அவள் நெல்மணி எடுப்பதுபோல் எடுத்தாள். விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி மூடியைத் தன் முந்தானையில் வைத்துத்தான் வெட்டினாள், கீறிவிடுமென்று.

"இந்தப் புள்ளியெல்லாம் சீவணுமாடி?"

"ஐயோ, வேணாம்மா. அது ரிவெட்டு."

"இது?" உடலின் இரு பாதிகள் சேரும் ஓரத்தில் இருந்த சின்னச் சின்ன முளைகளைக் காட்டினாள். எனக்குத் தெரியவில்லை. அது இல்லாமல் இரு பாதியும் நேராகப் பொருந்தாது என்று இன்று நம்மில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். அம்மாவின் கம்பெனிச் சாமானில் அப்படி முளை நின்றால் அது பிழை. ஒரு முளைக்காக ஒரு மூட்டையையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவள் அத்தனை முளைகளையும் சுத்தமாகச் சீவினாள். இறக்கை நுனியில் ஊசிபோல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் விமானத்தின் உறுப்புத்தான். அதையும் எடுத்தாள். எடுத்த இடத்தை நகத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள்.

முடித்ததும் வகை வகையாகப் பிரித்துச் சின்னப் பைகளில் போட்டு, கம்பெனிக்கு எழுதுவதுபோலவே சீட்டு எழுதி வைத்தாள். சின்னச் சக்கரம் 4. பெரிய சக்கரம் 2. ஆள் 2. றெக்கை 4. வெட்டிய சட்டங்களை, எண்கள் பொறித்த அந்த வெள்ளிச் சட்டங்களை, மற்ற ரன்னரோடு சேர்த்து மூட்டை கட்டினாள். புதன்கிழமை காலையில் சூப்பர்வைசர் ஆட்டோவில் வந்து எடுத்துப் போனார். நான் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவர்கள் திரும்பினார்கள். அன்று எனக்கு ஸ்கூல் அரை நாள். அம்மா முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் சாவியும் ஒரு கையில் பெட்டியுமாக முன்வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

"சார், முடிஞ்சிடுச்சிங். ஒரு பிசிர் இல்ல, பாத்துக்கோங்க" என்று பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

சார் பெட்டியைப் பார்த்தார். பிறகு அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். முதல் பையை எடுத்தார், சீட்டைப் படித்தார், கீழே வைத்தார். இரண்டாவது பை. பெட்டியின் அடியில் துழாவினார்.

"ஏனம்மா இது?" என்று கன்னடத்தில் கேட்டார், என்னம்மா இது என்று. "ஃப்ரேம் எங்க?"

"எந்த ஃப்ரேமுங் சார்?"

"இதெல்லாம் ஒட்டிட்டிருந்துச்சே. நம்பர் போட்டு."

"அது ரன்னருங் சார். நேத்தே மூட்டையோட போயிடுச்சிங்."

ஆன்ட்டி, "அய்யோ தேவ்ரே" என்று கடவுளைக் கூப்பிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சார் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தவில்லை. ரொம்பச் சாதாரணமான குரலில் கேட்டார்.

"இத யாரு மேல இருந்து எடுத்தது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "எனக்குத் தெரியாது சார். அம்மாதான் எடுத்தாங்க."

இதுதான் ஏழாவது.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது. கூட்டலில் எங்கோ தவறு வந்து, எங்கே என்று தேடுகிறவளின் முகம். தேடிக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சாரின் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங் சார். நான்தான் எடுத்தன். கம்பெனி சாமான் மாதிரி இருந்திச்சி. சுத்தம் பண்ணி வெக்கலாமேன்னு."

"கேக்காம எடுக்கலாமா?"

"தப்புதாங் சார்."

ஆன்ட்டி கையை நீட்டினார். "சாவியக் குடும்மா."

அதன்பிறகு அவர்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவி எதிர்வீட்டில் இருந்தது. சிப்காட் வேலையைப் பற்றி சார் பேசவே இல்லை. அம்மா கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அடி விழும் என்று சுவரோரம் நின்றேன். அம்மா நல்ல சேலையை மாற்றிப் பழையதைக் கட்டிக்கொண்டு வந்தாள். "சார் குடுத்தாருன்னு சொன்னது பொய்யா?" என்றாள்.

"ம்."

"சரி. இனிமே இத யாருகிட்டயும் சொல்லாத. அப்பாகிட்டயும்தான். நீ குந்திப் படிக்கற வீடு அது. நீ பொய் சொல்ற புள்ளன்னு தெரிஞ்சா வாசல்லயே நிறுத்திடுவாங்க. நான் வெட்டறவ. என்ன என்னா பண்ணப் போறாங்க?"

ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவிடமும் தான்தான் எடுத்ததாகச் சொன்னாள். "சாவியக் குடுத்தா சாவியோட நிக்கணும். உனக்கெல்லாம் இன்ஸ்பெக்ஷன் வேலை ஒரு கேடா?" என்று அப்பா ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தார். நான் பக்கத்து அறையில் புத்தகத்தை விரித்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ச் சொல்ல ஐந்து அடி தூரம்தான். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

பத்து நாள் கழித்து சாரே என்னைக் கூப்பிட்டார். "நீ ஏன் வரமாட்டேங்கற? உன் மேல என்ன தப்பு?" என்றார். போனேன். அதே இடத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க அம்மா மேலயும் கோவமில்ல. படிக்காதவங்க, தெரியல. நீ அப்படி இருக்காத" என்றார்.

"சரி சார்" என்றேன்.

மேலே போட்ட வரிசையில் இதை எட்டாவதாக எழுதியிருக்கவேண்டும். எழுத வரவில்லை. ஏழாவதாவது பயத்தில் வந்தது. இந்த "சரி சார்" நன்றாக யோசித்துச் சொன்னது.

அந்தக் கேன்பராவை சார் பிறகு தொடவே இல்லை. ஆனால் என்ன நினைத்தாரோ, அடுத்த மே மாத விடுமுறையில் வேறொரு பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். "ஒட்டு" என்றார். பிறகு இன்னொன்று. நான்கு வருடத்தில் அந்த மேசையில் ஐந்து விமானங்கள் ஒட்டினேன். பசை வாசனை, பெயின்ட் கலக்கும் கண் மருந்துப் புட்டி, தண்ணீரில் நனைத்தால் காகிதத்திலிருந்து கழன்று வரும் விமானப்படை வட்டச் சின்னங்கள். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையை நீங்கள் கேட்டீர்கள். இதுதான். அந்த நான்கு வருடமும் அம்மா அந்த வீட்டுக்குள் ஒரு தடவையும் காலெடுத்து வைக்கவில்லை. எனக்கு நேரமானால் வெளியே நின்று கேட்டைத் தட்டுவாள். நான் ஒட்டி முடித்த முதல் விமானத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். "மூக்குல பிசிர் நிக்குது பாரு" என்றாள். நின்றது.

நான் டூல் அண்டு டை டிப்ளமோ படித்து, இன்று பிளாஸ்டிக் அச்சு வரைகிற வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ரன்னர் எந்த வழியாகப் போகவேண்டும், சாமானோடு எவ்வளவு மெல்லியதாக ஒட்டவேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. முடிந்தவரை மெல்லியதாகத்தான் வைப்பேன். எங்கோ ஒருத்திக்கு ஒரு வெட்டு சுலபமாகும். அது ஒன்றுக்கும் ஈடாகாது என்பதும் எனக்குத் தெரியும். அம்மா கண் மங்கும்வரை வீட்டில் உட்கார்ந்தே பிசிர் எடுத்தாள். பி.எஃப். இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறியதே இல்லை.

போன கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மைசூர் போனேன். சார் அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. ஆன்ட்டி இப்போது இல்லை. காபி வந்தது. குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன். மேலே எழுதிய வரிசையில்தான் சொன்னேன். வரிசையாகச் சொன்னால் குரல் உடையாது என்று நினைத்தேன்.

சார் காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார். "அவ்வளவு சுத்தமா வெட்டியிருந்தாங்க. பிளாஸ்டிக் நசுங்கினா வெளுத்துப் போகும், ஒரு இடத்துலகூட அப்படி வெள்ளை விழல. நீ வெட்டினா விழும், நான் வெட்டினாலும் விழும். அன்னிக்கே பாத்தேன் அத."

"அப்பறம் ஏன் சார் வேலைக்குச் சொல்லல?"

"நல்ல கைதான். ஆனா கேக்காம எடுக்கற கைன்னு நினைச்சுட்டேன். இன்ஸ்பெக்ஷன்ல அப்படி ஒருத்தர வெக்க முடியுமா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அம்மாவுக்குப் போன் போடு."

போட்டேன். அவர் கையிலேயே கொடுத்தேன். "தப்பா நினைச்சுட்டேன்மா. இத்தன வருஷம்" என்றார். மறுமுனையில் அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. "வாம்மா ஒருநாள், இங்க வீட்டுக்கு வா" என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

மனம் லேசாகி வீடு வந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விளக்குகூடப் போடவில்லை.

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"உன்னக் கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"சொல்லுவன்தான். அந்த மனுசன் இருவது வருசமா உன்ன ஒரு யோக்கியமான புள்ளன்னு நெனச்சிக்கினு இருந்தாரு. நான் அங்க நின்னு வாங்கிக் குடுத்த பேரு அது. எனக்குன்னு அந்த வீட்டுல இருந்தது அது ஒண்ணுதான். அதப் போயி உன் மனசு ஆறணும்னு கொட்டிட்டு வந்துட்ட."

"உம்மேல இருந்த பழி போச்சே அம்மா."

"பழின்னு நான் சொன்னனா? ஒருநாளாவது சொன்னனா?"

நான் விளக்கைப் போட்டேன். அவளுக்காகத்தான் போனேன் என்று மைசூர் பஸ்ஸில் நம்பிக்கொண்டு போனேன். எனக்காகத்தான் போயிருக்கிறேன்.

இப்போதைய நிலை இது. இதை எழுதி முடித்ததும் உங்களுக்கு அனுப்பும் முன் அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னாள். சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலம் அவள் அழுததாக எழுதியிருந்தேன். அழவில்லை என்றாள், எடுத்துவிட்டேன். வெட்ட மூன்று நாள் ஆனதாக எழுதியிருந்தேன். இரண்டுதான் என்றாள், மாற்றிவிட்டேன். ஏழாவதை எடுத்துவிடு என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மைசூருக்குப் போவதாகவும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அனுப்பட்டுமா என்று கேட்டேன். அனுப்பு என்றாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.